திருத்த வழிவைக்காத உரிமங்கள்

லினக்ஸ் கருநிரலும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையும் கட்டற்ற மென்பொருள்கள்தாம். இரண்டின் மூலநிரலையும் யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005இல் இசட்எஃப்எஸ் நிரலை வெளியிட்டு இவ்வளவு காலம் ஆன பின்னும் ஒருமித்த விடை கிடைக்கவில்லை. 2016இல் கனோனிக்கல் நிறுவனம் உபுண்டு 16.04 பதிப்போடு இசட்எஃப்எஸ்ஸைச் சேர்த்து வழங்க முன்வந்தது. அது உரிம மீறல் என்றது சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி. கட்டற்ற மென்பொருளுக்காகவே வாதாடும் இன்னொரு சட்ட அமைப்பான சாஃப்ட்வேர் ஃப்ரீடம் லா சென்டர் வேறு விதமாகப் பார்த்தது. 2020 தொடக்கத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், சன்னை வாங்கிவிட்ட ஆரக்கிளிடமிருந்து அதிகாரபூர்வக் கடிதம் வராமல் இசட்எஃப்எஸ்ஸைக் கருநிரலில் சேர்க்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

கொள்கை மோதல் என்று இதைச் சொல்லிவிட முடியாது. லினக்ஸுக்கு உரிய ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பும் இசட்எஃப்எஸ்ஸுக்கு உரிய சிடிடிஎல்லும் கேட்பது ஏறக்குறைய ஒன்றையே: என் நிரலைத் திருத்தி வெளியிட்டால் திருத்தத்தையும் என் உரிமத்திலேயே கொடு. ஜிபிஎல் இதை முழுத் தொகுப்புக்கும் கேட்கிறது, மேற்கொண்டு எந்த நிபந்தனையையும் ஏற்றக் கூடாது என்கிறது. சிடிடிஎல் கோப்புக்குக் கோப்பு கேட்கிறது. இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற வழியில்லை. ஜிபிஎல்லோடு ஒட்டக் கூடாது என்பதும் சிடிடிஎல்லைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் என்று, சன்னில் பணியாற்றிய டானிஸ் கூப்பர் 2006இல் சொன்னார். சன்னிலேயே பணியாற்றிய சைமன் ஃபிப்ஸ் அதை மறுத்தார். யார் சொன்னது சரி என்பதைவிட முக்கியமானது, அன்று எழுந்த சுவரை இன்று இடிக்க யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதுதான். லினக்ஸ் பக்கம் அப்படி ஒருவரும் இல்லை. கருநிரல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் மட்டுமே கிடைக்கும். அதன் பதிப்புரிமையோ உலகெங்கும் ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கிறது. அத்தனை பேரையும் தேடிப் பிடித்து ஒப்புதல் வாங்குவது நடவாத காரியம். உரிமங்கள் பொருந்தாமைக்குப் பெரிய காரணம் இதுவே என்பது என் கருத்து. தப்பான வரியை யாரும் எழுதிவிடலாம், அதைப் பிறகு திருத்த வழிவைக்காமல் விடுவதுதான் தீங்கு.

பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிஎஸ்டி உரிமத்தில் இருந்த விளம்பர வாசகத்தைப் பாருங்கள். மென்பொருளைக் குறிப்பிடும் எந்த விளம்பரத்திலும் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றது அந்த வரி. கேட்டால் அற்பம்தான். ஆனால், பின்னால் வந்தவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை எடுத்துவிட்டுத் தம் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். 1997இல் நெட்பிஎஸ்டி இயங்குதளத்தின் ஒரு பதிப்பில் இப்படி 75 வாசகங்களை எண்ணினார் ஜிபிஎல்லை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன். ஜிபிஎல்லின் கணக்கில் இது கூடுதல் நிபந்தனை, ஆகவே பொருந்தாது. பல்கலைக்கழகம் 1999இல் தன் வரியை நீக்கியது. அதன் நிரலுக்கு மட்டும்தான் அந்த நீக்கம் செல்லும். இணையத்தின் பெரும்பகுதி மறையாக்கத்துக்கு நம்பியிருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல், அதே மாதிரியான வாசகத்தை இருபது ஆண்டுகளுக்கும் மேல் சுமந்தது. பங்களித்தவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, ஒப்புதல் வாங்கி, 2021 செப்டம்பரில் வந்த 3.0 பதிப்பில்தான் அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாற முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், காப்புரிமை குறித்த விதிகளால் அப்பாச்சி 2.0 உரிமமும் ஜிபிஎல் இரண்டாம் பதிப்போடு பொருந்தாது என்றே கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சொல்கிறது. மூன்றாம் பதிப்போடு மட்டும் பொருந்தும்.

வழிவைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு விக்கிப்பீடியா நல்ல சான்று. அது ஜிஎன்யு கட்டற்ற ஆவண உரிமத்தின் கீழ் தொடங்கியது. மென்பொருள் கையேடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்த உரிமம் கலைக்களஞ்சியத்துக்குச் சரிப்படவில்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பெருகிவந்த படைப்புகளை எடுத்தாளவும் முடியவில்லை. ஆனால், கட்டுரைகள் எல்லாம் 'இந்தப் பதிப்பு அல்லது இதற்குப் பிந்தைய எந்தப் பதிப்பும்' என்ற நிபந்தனையில் எழுதப்பட்டிருந்தன. அந்த உரிமத்தை எழுதிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 நவம்பரில் அதன் 1.3 பதிப்பை வெளியிட்டு, மாறிக்கொள்ள இடம் கொடுத்தது. சமூகம் வாக்களித்தது. 2009 ஜூனில் தமிழ் விக்கிப்பீடியா உள்பட எல்லா மொழிப் பதிப்புகளும் கிரியேட்டிவ் காமன்ஸுக்கு வந்தன. எழுதியவர்கள் ஒவ்வொருவரையும் தேடிப் போகவில்லை.

'பிந்தைய பதிப்பு' என்பது வெற்றுக் காசோலையில் கையெழுத்திடுவது என்று டோர்வால்ட்ஸ் தரப்பினர் சொல்வார்கள். நாளை அந்த அமைப்பு யார் கைக்குப் போகும், என்ன எழுதும் என்று இன்று எப்படித் தெரியும்? நியாயமான அச்சம்தான். சிடிடிஎல்லைத் திருத்திப் புதுப் பதிப்பு வெளியிடும் உரிமை ஆரக்கிளிடம் இருக்கிறது, அது அசையவில்லை. அறக்கட்டளையும் எப்போதும் இறங்கிவருவதில்லை. ஆட்டோகேட் கோப்புகளைத் திறக்கும் லிப்ரேடிடபிள்யுஜி நூலகத்தை ஜிபிஎல் மூன்றாம் பதிப்பிலிருந்து தளர்த்தித் தர அது மறுத்ததால், இரண்டாம் பதிப்பில் நின்றுவிட்ட லிப்ரேகேட் என்ற வரைவு மென்பொருள் அதைப் பயன்படுத்த முடியாமல் போனது. என்றாலும், இந்த அச்சத்துக்கு மருந்து ஜிபிஎல் மூன்றாம் பதிப்பிலேயே இருக்கிறது. அதன் 14ஆம் பிரிவின்படி, பிந்தைய பதிப்பை ஏற்பதா வேண்டாமா என்று முடிவுசெய்ய ஒரு பதிலாளரை மென்பொருளின் ஆசிரியர்களே நியமிக்கலாம். கேடிஇ திட்டம் இந்த வகையில், தன் உறுப்பினர் அமைப்பான கேடிஇ இ.வி.யிடம் அந்த முடிவை விட்டிருக்கிறது. சாவி அந்நியரிடம் போகவில்லை, தொலையவும் இல்லை.

இத்தனை தலைவலி எதற்கு, எல்லோரும் எம்ஐடி உரிமத்துக்கு வந்துவிடலாமே என்பவர்களும் உண்டு. பொருத்தம் என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் அது உண்மை; எம்ஐடி நிரல் எதனோடும் சேரும். ஆனால், அது காப்புரிமையைப் பற்றி வாய் திறப்பதில்லை. எடுத்துக்கொண்டவர் திருப்பித் தர வேண்டும் என்றும் கேட்பதில்லை. பகிர்வைக் கட்டாயமாக்க விரும்பும் ஆசிரியரிடம் அந்த விருப்பத்தையே கைவிடச் சொல்வது தீர்வாகாது.

திறமூல முனைப்பு அமைப்பு ஏற்ற உரிமங்கள் இன்று நூற்றுக்கும் மேல். புதிதாக இன்னொன்று எழுத ஆசைப்படும் நிறுவனங்கள் அந்த ஆசையை விட்டுவிடட்டும். ஜிபிஎல்லில் திட்டம் தொடங்குவோர் முதல் நாளே 'பிந்தைய பதிப்பு' என்று எழுதுங்கள். மனம் ஒப்பவில்லையா, பதிலாளர் ஒருவரின் பெயரையாவது எழுதுங்கள். பங்களிப்பாளர் ஐந்து பேராக இருக்கும்போது அரைநாளில் முடிகிற வேலை இது.