இரண்டு பை, ஒரு தீவு... ஜோடியாக இலங்கையைச் சுற்றப் போறீங்களா?

சென்னையில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொழும்பு. யாழ்ப்பாணத்துக்கும் விமானம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-ல் கப்பலும் வந்துவிட்டது. பரப்பளவிலும் இலங்கை, தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதிதான். 'பத்து நாள் லீவு போட்டால் மொத்தத்தையும் பார்த்துடலாம்' என்றுதான் முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் பல ஜோடிகளும் கணக்குப் போடுகிறார்கள்.

அந்தக் கணக்கு மூன்றாம் நாளே உதைக்கும். மலைப்பாதையில் பஸ்ஸும் ரயிலும் மெதுவாகத்தான் போகும். கண்டியிலிருந்து எல்ல என்ற ஊருக்கு ரயிலில் போக மட்டும் 6, 7 மணி நேரம் ஆகும். தினம் ஒரு ஊர் என்று ஓடினால், ஊரைப் பார்த்த நேரத்தைவிடப் பையைக் கட்டிய நேரம் அதிகமாகிவிடும். தூக்கம் இல்லாமல், பசியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் 'இது யாரோட பிளான்?' என்ற கேள்வி வரும். சண்டை அங்கே ஆரம்பிக்கும். எனவே முதல் வேலை, இலங்கையில் பாதியை விட்டுவிடுவது!

எந்தப் பாதி? மழையைக் கேளுங்கள்

இலங்கைக்கு இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் கடற்கரையும் மலையகமும் நனையும். வடகிழக்குப் பருவமழையின்போது வடக்கும் கிழக்கும் நனையும். இதை வைத்தே ரூட்டை முடிவு செய்துவிடலாம்.

டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை போகிறீர்களா? கொழும்பில் இறங்கி கண்டியில் 2 இரவு, மலையகத்தில் 4 இரவு, பிறகு பஸ்ஸில் தெற்கே இறங்கி காலியில் 3 இரவு. காலியிலிருந்து கொழும்புக்குத் திரும்பும் ரயில் கடலை ஒட்டியே வரும்.

மே முதல் செப்டம்பர் வரை என்றால் யாழ்ப்பாணத்தில் தொடங்குங்கள். நல்லூர் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அடுத்து திருகோணமலையில் கோணேசர் கோயிலும் கடலும். பிறகு சிகிரியா பாறைக்கோட்டை, கடைசியாக கண்டி. சிகிரியாவில் சார்க் நாட்டவருக்குக் கட்டணச் சலுகை உண்டு. பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

கப்பலில் திரும்புவதாக இருந்தால், லீவின் கடைசி நாளுக்கு டிக்கெட் போடாதீர்கள். கடல் கொந்தளித்தால் கப்பல் கிளம்பாது.

ரயில் வாசலில் தொங்க வேண்டாம்!

மலை ரயிலின் கதவில் தொங்கியபடி ஜோடியாக எடுக்கும் படம்தான் இன்ஸ்டாகிராமில் இலங்கையின் அடையாளம். அந்தப் பாதையில் சுரங்கங்களும் பாறைகளும் ரயிலை உரசுகிற மாதிரி வரும். தவறி விழுந்து உயிரிழந்தவர்களும் இருக்கிறார்கள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாலே தேயிலைத் தோட்டம் முழுக்கத் தெரியும். எல்ல அருகே உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைக் கீழே இறங்கிப் பாருங்கள்; ரயில் அதன்மேல் போகும் காட்சி இன்னும் அழகு.

முன்பதிவு 30 நாள் முன்பு திறக்கும், சீக்கிரமே தீர்ந்துவிடும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் இந்தப் பாதை பலமாகச் சேதமடைந்தது. எதுவரை ரயில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு ரூட் போடுங்கள்.

போட்டோவுக்குப் பின்னால் இருப்பவர்கள்

மலையகத்தில் 4 இரவு எதற்கு? ஹட்டன், நுவரெலியா பக்கம் தேயிலை பறிப்பவர்களிடம் பேசிப் பார்த்தால் புரியும். 200 வருடங்களுக்கு முன் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து முதலில் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் கூட்டிப்போகப்பட்டவர்களின் வாரிசுகள் அவர்கள். மன்னார் கரையில் இறங்கி, காடு வழியாக நடந்தே மலை ஏறினார்கள். வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 1948-ல் வந்த சட்டம் அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் பல லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. நீலகிரியின் கூடலூர், கோத்தகிரியில் இன்றும் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன.

லயன் வீடுகளின் முன் நின்று கேட்காமல் படம் எடுப்பது சரியில்லை. 'எந்த ஊருங்க நீங்க?' என்று பேச்சைத் தொடங்குங்கள். தங்கள் தாத்தாவின் ஊர் திருச்சி பக்கமா, சேலம் பக்கமா என்று உங்களிடம் கேட்பவர்களும் உண்டு.

வடக்கே போனால் தமிழ் வேறு மாதிரி இனிக்கும். அங்கே பேசுவது 'கதைப்பது'. அழகு, 'வடிவு'. பிரெட் வேண்டும் என்றால் 'பாண்' என்று கேளுங்கள். பால் இல்லாத டீ, 'பிளேன்டீ'.

இரண்டு பேருக்கும் நாலு ரூல்

1. அவரவர் பையை அவரவர் தூக்குங்கள். 8 கிலோவைத் தாண்ட வேண்டாம். பஸ்ஸில் பை வைக்க இடம் குறைவு. பல நேரம் மடியில்தான் இருக்கும். நுவரெலியா இரவுக்கு ஒரு ஸ்வெட்டர் அவசியம்.

2. ஒரு நாள் ஒருவர் முடிவு, மறுநாள் மற்றவர் முடிவு. பஸ்ஸா ஆட்டோவா, எங்கே சாப்பாடு என்பதெல்லாம் அன்றைய 'கேப்டன்' பொறுப்பு. மற்றவர் குறை சொல்லக் கூடாது!

3. பணத்தையும் கார்டையும் இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். பாஸ்போர்ட் நகல் இருவர் போனிலும் இருக்கட்டும். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் வரும். அந்தச் சந்தோஷத்தில் கை தாராளமாகிவிடும். இரவில் ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

4. முடியவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். சிவனொளிபாதமலை 2,243 மீட்டர் உயரம், 5,000-க்கும் மேற்பட்ட படிகள். நள்ளிரவில் ஏறத் தொடங்கி சூரிய உதயத்தை மேலே பார்ப்பதுதான் வழக்கம். துணைக்கு மூச்சு வாங்குகிறது என்றால், பாதி வழியில் இருக்கும் டீக்கடையில் சேர்ந்து உட்கார்ந்து விடியலைப் பாருங்கள். உச்சிக்குத் தனியாகப் போய் எடுக்கும் படத்தை, வீட்டுக்கு வந்தபிறகு இரண்டு பேரும் சேர்ந்து ரசிக்க முடியாது.

கிளம்பும் முன்...

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஈ.டி.ஏ. அனுமதியை அரசின் இணையதளத்தில் மட்டும் பாருங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுப்பது அங்கே பெரிய அவமரியாதை. பஸ்ஸின் முன் சீட் துறவிகளுக்கானது. பௌர்ணமி தினமான போயா அன்று அரசு விடுமுறை, மதுக்கடைகளும் மூடியிருக்கும்.

விட்டுவிட்டு வந்த இன்னொரு பாதி எங்கும் போய்விடாது. அடுத்த கல்யாண நாளுக்கு அது இருக்கட்டும்!