தணிந்த நோயும் தாயத்தின் பெருமையும்

ஒரு நாளில் பத்து முறை கழிப்பறைக்கு ஓடுகிறான் ஓர் இளைஞன். சீதமும் குருதியும் கலந்து போகிறது, உடல் இளைக்கிறது, முகம் வெளுக்கிறது. வீட்டிலே கூடுகிறது விசாரணை மன்றம்! "கண்ணேறு" என்கிறாள் பாட்டி. "கிரகக் கோளாறு" என்கிறார் சோதிடர். "மூலம்! மூன்றே நாளில் குணம்!" என்கிறது சுவரொட்டி. இடுப்பிலே ஏறுகிறது தாயத்து. இரண்டு திங்களில் நோயும் தணிகிறது. பார்த்தீரா மகிமையை என்று முழங்குகின்றனர் பக்தர்கள்!

மகிமை அல்ல, தோழர்களே! அந்நோயின் இயல்பே அது. குடல் அழற்சி நோய் என்பர் மருத்துவ நூலோர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், குடற்சுவரின் மீதே போர் தொடுக்கும் கொடுமை அது. பெருங்குடலின் உட்புறத்தைப் புண்ணாக்குவது ஒரு வகை. வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் தோன்றி, குடற்சுவரை ஆழத் துளைக்க வல்லது குரோன் நோய் எனும் மற்றொரு வகை. சீறும், சில காலம் தானே அடங்குவதும் உண்டு, மீண்டும் சீறும். அடங்கிய வேளையில் புகழ், தாயத்துக்காரருக்கு. சீறிய வேளையில் பழி, நோயாளியின் முன்வினைக்கு! என்னே இந்த வாணிபம்!

மருத்துவம் மட்டும் தன்னை மெய்ப்பித்தது எங்ஙனம்? ஆக்ஸ்போர்டு மருத்துவர்களான ட்ரூலவ், விட்ஸ் இருவரும், பெருங்குடல் புண் நோயாளிகள் 210 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவை 1955-இல் வெளியிட்டனர். 109 பேருக்குக் கார்ட்டிசோன். 101 பேருக்கு மருந்தற்ற போலி மாத்திரை. ஆறு வாரத்தில் நோய் அடங்கியோர், மருந்து உண்டவரில் நூற்றுக்கு 41 பேர். போலி மாத்திரை உண்டவரில் நூற்றுக்கு 16 பேர். அந்தப் பதினாறு பேரைக் கவனியுங்கள்! அவர்தம் இடுப்பில் தாயத்து இருந்திருந்தால், ஊரெல்லாம் அதற்கு உற்சவம் நடந்திருக்கும்! மருத்துவமோ, அவர்களையும் எண்ணிக் கழித்த பிறகே தன் வெற்றியைச் சொன்னது. தாயத்துக்காரரைக் கேட்கிறோம்: இத்தகைய தராசில் ஏற உமக்குத் துணிவுண்டா?

அயலாரைச் சாடினால் போதுமா? நம்மவரையும் கேட்கிறோம். தாயத்தைக் கேலி செய்யும் தோழரே, மலத்தில் குருதி கண்டதை வாய்விட்டுச் சொல்லக் கூசுவது ஏன்? வாரக்கணக்கில் ஓயாத பேதி, குருதி, உறக்கத்தைக் கலைக்கும் வயிற்று வலி, காரணமற்ற இளைப்பு, காய்ச்சல், அவற்றோடு மூட்டு வலி, கண் சிவப்பு, வாய்ப்புண் கண்டால் டாக்டரிடம் செல்க. குழந்தையின் வளர்ச்சி தடைப்படுவதும் அறிகுறியே. மூலமா, கிருமியா, அழற்சியா என்பதை, மலமும் இரத்தமும் சோதித்து, குழாய்க் கருவியால் குடலை உள்நோக்கி, திசுத் துணுக்கை ஆய்ந்து அவர் கூறட்டும். நம் நாட்டிலே இச்சோதனை மிகமிகத் தேவை. குடற் காசநோய், குரோன் நோயின் வேடத்திலேயே வரும். காசநோயைக் கண்டறியாது ஸ்டீராய்டு கொடுப்பது, எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும்.

மருந்துண்டு நலம் கண்டதும் தாமே நிறுத்துவோரும், தாயத்துக்காரரின் தவற்றையே செய்கின்றனர்: தணிவைக் குணமென்று கொள்கின்றனர்! ஸ்டீராய்டு, சீற்றத்தை அடக்கும் வாள். நாளெல்லாம் தாங்கும் கேடயமன்று. அதைத் திடீரென நிறுத்துவதும் தீது. தணிவைக் காக்க, நோயின் வகைக்கும் கடுமைக்கும் ஏற்ப, மெசலமைன், அசத்தியோபிரின், 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இன்ஃப்ளிக்சிமாப் முதலிய மருந்துகள் உண்டு. குடல் அடைத்தாலோ துளைபட்டாலோ அறுவை மருத்துவம் உண்டு. குரோன் நோயாளி புகைத்தலை அறவே விட்டொழிக்க வேண்டும்.

குரோன் நோயை வேரோடு களையும் மருந்து இன்னும் இல்லை. இதை ஒளிக்காமல் உரைப்பதே அறிவியலின் நாணயம். ஆயினும் அடக்கலாம், படிக்கலாம், உழைக்கலாம், மணம் புரியலாம், மகவு பெறலாம். தொற்றுநோயன்று, தட்டைத் தனியே வைக்கும் தீண்டாமை வேண்டா.

இடுப்பிலுள்ள தாயத்தை அவிழ்ப்பது எளிது. நாவிலுள்ள கட்டை அவிழ்ப்பதே அரிது. அதனை இன்றே அவிழ்ப்பீர்!