டப்பாவில் அச்சிட்ட எண் போதுமா?

மோட்டார் காரின் எஞ்சினில் எரிந்து முடிந்த வாயுக்கள் ஒரு நீண்ட குழாய் வழியாகப் பின்புறம் சென்று வெளியேறுகின்றன. இந்தப் புகைக்குழாயும் அதைச் சேர்ந்த உறுப்புகளும் பெரும்பாலும் இரும்பாலோ எஃகாலோ ஆனவை. வெப்பமும் மழைநீரும் சாலைச் சேறும் மாறி மாறித் தாக்குவதால் இவை விரைவில் துருப்பிடிக்கின்றன. துருவைத் தடுப்பதற்காக வெப்பம் தாங்கும் பெயிண்டைப் பூசுகிறார்கள்.

இந்தப் பெயிண்டை வாங்கக் கடைக்குச் செல்பவர் பொதுவாக ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்: "இது எத்தனை டிகிரி தாங்கும்?" டப்பாக்களின் மேல் 200, 400, 600 என்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. எண் கூடினால் விலையும் கூடுகிறது. ஆகவே பெரிய எண் உள்ளதை வாங்கிவிட்டால் எல்லா இடத்திற்கும் அதுவே போதும் என்பது அவர் கணக்கு.

இந்தக் கணக்கு தவறு என்பது என் கருத்து. வெப்பத்தைத் தாங்குவது டப்பாவுக்குள் இருக்கும் பெயிண்டின் குணம் மட்டுமன்று. பூசப்படும் இடம், அடியில் உள்ள உலோகம், பூசிய விதம், பூசிய பின் சூடாக்கிய விதம் ஆகிய அனைத்தும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. எப்படி என்று பார்ப்போம்.

ஒரே குழாய், பல வெப்பநிலைகள்

எஞ்சினின் பல சிலிண்டர்களிலிருந்து வரும் வாயுக்களை ஒன்றுசேர்க்கும் உறுப்புக்கு மானிஃபோல்டு என்று பெயர். பாரத்துடன் மேட்டில் ஏறும் பெட்ரோல் எஞ்சினிலிருந்து வெளிவரும் வாயுவின் வெப்பநிலை 800° செ.-ஐயும் தாண்டும். வெளிக்காற்று குளிர்விப்பதால் மானிஃபோல்டின் மேற்பரப்பு இதைவிடக் குறைந்த வெப்பநிலையில் இருக்கும். ஆயினும் கடும் உழைப்பின்போது அது இருட்டில் மங்கிய செந்நிறமாக ஒளிர்வதுண்டு. திடப்பொருள்கள் ஏறத்தாழ 525° செ.-இல் கண்ணுக்குப் புலப்படும்படி ஒளிரத் தொடங்குகின்றன என்பதை 1847-இல் ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற அறிஞர் காட்டினார். எனவே மானிஃபோல்டு சிவந்து தெரிந்தால் அது அந்த வெப்பநிலையைக் கடந்துவிட்டது என்று வெப்பமானி இல்லாமலே சொல்லிவிடலாம்.

அதற்கு அடுத்தாற்போல் வருவது வினையூக்கி மாற்றி. நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கப்பட்ட புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. எரியாமல் எஞ்சிய ஹைட்ரோகார்பன்களும் கார்பன் மோனாக்ஸைடும் இதனுள் எரிந்து போவதால் இது தானும் வெப்பத்தை உண்டாக்குகிறது. இதைத் தாண்டி, ஓசையைக் குறைக்கும் சைலன்ஸரை வாயு அடையும்போது சூடு பெரிதும் தணிந்துவிடும். சைலன்ஸரின் மேற்பரப்பு பொதுவாக 150° முதல் 300° செ. வரை இருக்கலாம். குழாயின் கடைசி முனை அதைவிடவும் குளிர்ந்தது.

ஆக, 2 அல்லது 3 மீட்டர் நீளத்திற்குள் பல நூறு டிகிரி வேறுபாடு இருக்கிறது. அப்படியிருக்க, முழுக் குழாய்க்கும் ஒரே டப்பா பொருந்தும் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

சில பெயிண்டுகள் ஏன் கருகுவதில்லை?

பெயிண்டில் மூன்று முக்கியப் பகுதிகள் உண்டு. நிறம் தருவது நிறமி. பூசுவதற்கு ஏற்றவாறு இளக்கிக் கொடுத்துப் பின் ஆவியாகிவிடுவது கரைப்பான். நிறமித் துகள்களை ஒன்றோடொன்றும் உலோகத்தோடும் ஒட்டவைப்பது பிணைப்பான். சாதாரண எனாமல் பெயிண்டின் பிணைப்பான் கார்பன் சங்கிலிகளால் ஆனது. கார்பன் என்றால் எரியக்கூடிய பொருள் அன்றோ? 150° செ.-ஐத் தாண்டினால் அது மஞ்சளாகிறது. பின்னர் கருகி உதிர்கிறது.

வெப்பம் தாங்கும் பெயிண்டில் பிணைப்பானாக இருப்பது சிலிக்கோன். இதன் முதுகெலும்பு சிலிக்கனும் ஆக்ஸிஜனும் மாறி மாறி அமைந்த சங்கிலி. கார்பன்–கார்பன் பிணைப்பை உடைக்க ஒரு மோலுக்கு ஏறத்தாழ 350 கிலோ ஜூல் ஆற்றல் தேவை. சிலிக்கன்–ஆக்ஸிஜன் பிணைப்புக்கோ ஏறத்தாழ 450 கிலோ ஜூல் வேண்டும். மேலும், இந்தச் சங்கிலியில் சிலிக்கன் ஏற்கெனவே ஆக்ஸிஜனோடு சேர்ந்துவிட்டது. ஆற்று மணல் எரியாததற்கும் இதுவே காரணம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் பணியாற்றிய ஃபிரடெரிக் கிப்பிங் என்ற வேதியியல் பேராசிரியர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இச்சேர்மங்களை ஆராய்ந்தார். 1930-களில் கூட இத்துறையில் பெரிய முன்னேற்றம் விரைவில் வரும் என்று அவர் நம்பவில்லை. அடுத்த பத்தாண்டிலேயே சிலிக்கோன்கள் தொழிற்சாலைகளில் உற்பத்தியாகத் தொடங்கிவிட்டன!

சிலிக்கோன் பிணைப்பானோடு அலுமினியச் செதில்களைச் சேர்த்த வெள்ளி நிறப் பெயிண்ட் 500° முதல் 600° செ. வரை தாங்குகிறது. அந்தச் சூட்டில் சிலிக்கோனோடு ஒட்டியிருக்கும் கார்பன் தொகுதிகள் எரிந்து போகின்றன. எஞ்சுகின்ற சிலிக்கா அலுமினியச் செதில்களைப் பற்றிக்கொண்டு உலோகத்தின் மேல் ஓர் ஏடாகப் படிகிறது. ஆனால் அலுமினியம் 660° செ.-இல் உருகிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது. அதற்கு மேற்பட்ட வெப்பநிலைகளுக்குப் பீங்கான் வகைப் பூச்சுகளே ஏற்றவை.

பெரிய எண்ணால் வரும் நஷ்டம்

"பெரிய எண் உள்ளதை வாங்குவதில் நஷ்டம் என்ன? வேண்டியதைவிட அதிகமாகத் தாங்கினால் நல்லதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விடை வேறு விதமாக இருக்கிறது.

சிலிக்கோன் பெயிண்ட் காற்றில் உலர்வது முதற்படி மட்டுமே. பல வகைகளை ஏறத்தாழ 200° செ. வெப்பநிலையில் அரைமணி முதல் ஒரு மணி நேரம் வைத்திருந்தால்தான் அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப்படும். மானிஃபோல்டில் எஞ்சின் ஓடும்போதே இது நிகழ்ந்துவிடும். குழாயின் கடைசி முனையோ அந்த வெப்பநிலையை எட்டுவதேயில்லை. அங்கே பூசிய 600° பெயிண்ட் மென்மையாகவே இருந்துவிடும். நகம் பட்டால் கீறும். பெட்ரோல் பட்டால் கரையும். துருவையும் சரியாகத் தடுக்காது. குறைந்த எண் போட்ட, காற்றிலேயே கெட்டிப்படும் பெயிண்ட் அதே இடத்தில் நீண்ட நாள் உழைக்கும். மிகுதியான வெப்பத்தைத் தாங்குவது, குறைந்த வெப்பத்தில் பயன்படாமற்போவதை இங்கே காண்கிறோம்.

எண்ணின் அலகையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டு டப்பாக்கள் சிலவற்றில் 1200° என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது ஃபாரன்ஹீட். 1200-இலிருந்து 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 649° செ. வரும். அந்த எண் இடைவிடாமல் தாங்கும் வெப்பநிலையைக் குறிக்கிறதா, சில நிமிடங்கள் மட்டும் தாங்குவதைக் குறிக்கிறதா என்பதும் வேறொரு கேள்வி.

அடுத்தது உலோகத்தின் விரிவு. 1 மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாய் 30°-இலிருந்து 530° செ.-க்குச் சூடேறினால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். எவர்சில்வர் வகை எஃகானால் 8 மில்லிமீட்டருக்கு மேலும் நீளக்கூடும். வண்டி ஓடி நிற்கும்போதெல்லாம் இந்த நீட்சியும் சுருக்கமும் நிகழ்கின்றன. மேலே உள்ள பூச்சும் கூடவே நீண்டு சுருங்க வேண்டும். தடித்த பூச்சு வெடித்துப் பெயர்ந்துவிடும். மெல்லிய பூச்சு தாக்குப்பிடிக்கும். மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு கனமே ஒரு பூச்சுக்குப் போதுமானது. "இன்னும் கொஞ்சம் அடித்தால் உறுதி" என்பது இங்கே பொருந்தாது. அடியில் எண்ணெய்ப் பிசுக்கோ, துருவோ, சாதாரண பிரைமரோ இருந்தால் முதற்சூட்டிலேயே அது எரிந்தோ பெயர்ந்தோ மேலே உள்ள விலையுயர்ந்த பூச்சையும் தன்னோடு கொண்டுபோய்விடும்.

நிறமும் ஒரு முடிவே

கறுப்பா, வெள்ளி நிறமா என்பது அழகைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. ஒரு பரப்பு கதிர்வீச்சாக வெளிவிடும் ஆற்றல் அதன் தனி வெப்பநிலையின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஸ்டீபன் விதி. 500° செ.-இல், அதாவது 773 கெல்வினில், முழுக்கரும்பொருள் ஒன்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20,000 வாட் ஆற்றலை வெளிவிடும். கறுப்புப் பெயிண்டின் உமிழ்திறன் ஏறத்தாழ 0.9. எனவே 1000 சதுர செ.மீ. பரப்புள்ள மானிஃபோல்டு சுமார் 1800 வாட்டை எஞ்சின் அறைக்குள் வீசும். ஏறக்குறைய இரண்டு இஸ்திரிப் பெட்டிகளின் சூடு இது! அலுமினியச் செதில் பூச்சில் இந்த அளவு பாதியாகக் கூடக் குறையலாம். அருகில் உள்ள ரப்பர்க் குழாய்களுக்கும் மின்கம்பிகளுக்கும் அது நல்லது. ஆனால் வெளியேறாத வெப்பம் உலோகத்தை மேலும் சூடாக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எது முக்கியம் என்று தீர்மானித்த பிறகே நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெயிண்டால் ஆகாதது

1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் நீர் உண்டாகிறது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் குழாயின் முனையிலிருந்து நீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் சைலன்ஸர் போதிய அளவு சூடேறாது. உள்ளே நீர் தேங்கி, உள்ளிருந்தே துரு அரிக்கும். வெளியே எவ்வளவு உயர்ந்த பெயிண்ட் பூசினாலும் இதைத் தடுக்க முடியாது. சில சைலன்ஸர்களின் அடியில் நீர் வடிவதற்கென ஒரு சிறு துளை இருக்கும். பூசும்போது அதை அடைத்துவிட்டால் நாமே துருவுக்கு உதவி செய்தவர்களாவோம்.

என்ன கேட்க வேண்டும்?

அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் பழைய பூச்சு எங்கே கருகியிருக்கிறது, எங்கே நிறம் மட்டும் மாறியிருக்கிறது, எங்கே அப்படியே இருக்கிறது என்று முதலில் பார்ப்பார். அந்தத் தடயங்களே அவருக்கு வெப்பமானி. டப்பாவின் எண்ணைவிட இதை நான் மதிக்கிறேன். ஏனெனில் இது அந்த வண்டியில், அந்த இடத்தில் எடுத்த அளவு.

ஓர் எண் அளவீடு என்னும் தகுதியைப் பெற வேண்டுமானால், எந்த நிலைமையில், எவ்வளவு நேரத்திற்கு, எந்த அலகில் என்பதும் அதோடு வர வேண்டும். இடைவிடாமல் தாங்கும் வெப்பநிலை, சிறிது நேரம் தாங்கும் வெப்பநிலை, கெட்டிப்படுத்தும் முறை, பூச்சின் கனம் ஆகிய நான்கும் டப்பாவின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் வாதம். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால் விற்போரும் அச்சிடத் தொடங்குவார்கள். இன்று பள்ளியில் படிக்கும் நீங்கள்தாம் நாளை வாங்குவோர்.

அதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓர் அடி நீளமுள்ள இரண்டு இரும்புப் பட்டைகளை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். ஒன்றில் சாதாரண எனாமலும் மற்றதில் அலுமினிய வெப்பப் பெயிண்டும் மெல்லியதாகப் பூசி நன்றாகக் காயவிடுங்கள். பின்பு ஆசிரியரின் மேற்பார்வையில், புகையை முகராதபடி திறந்த வெளியில், ஒவ்வொன்றின் ஒரு முனையை மட்டும் சூடாக்குங்கள். எந்தத் தூரம் வரை எந்தப் பூச்சு கருகியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறிய பிறகு இரண்டு பட்டைகளின் குளிர்ந்த முனைகளையும் நகத்தால் கீறிப் பார்க்கத் தவறாதீர்கள்.