அலைக்கு ஒரு பலகை, காற்றுக்கு ஒரு பலகை

காஞ்சீபுரத்தில் கடல் கிடையாது. ஆனால் கடல் பார்க்கிற ஆசை அங்கே நிறைய உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். குடும்பத்தோடு புறப்பட்டு, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக வண்டியை விட்டால், சுமார் 65 கிலோமீட்டரில் மகாபலிபுரம்! 2019-ம் ஆண்டு செங்கல்பட்டு மாவட்டம் தனியாகப் பிரியும் வரை அந்தக் கடற்கரையும் காஞ்சீபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

கோவிலைப் பார்த்தாகிவிட்டது. சிற்பங்களைப் பார்த்தாகிவிட்டது. கடற்கரையில் வந்து நின்றால் அங்கே ஒரு புதுக் காட்சி. ஒரு வாலிபன் நீளமான பலகையின் மேல் நேராக நிற்கிறான். கையில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு துடுப்பு. இடது பக்கம் இரண்டு தள்ளு, வலது பக்கம் இரண்டு தள்ளு. பெரிய அலை எழுகிறது. அவன் விழவில்லை! அலையின் முதுகில் ஏறிக்கொண்டு கரையை நோக்கி வருகிறான்.

பார்த்துக்கொண்டிருந்த பையன் தகப்பனாரின் கையைப் பிடித்து இழுக்கிறான். "அப்பா! எனக்கும் ஒன்று வாங்கிக் கொடு."

அப்பா வீட்டுக்குப் போகிறார். செல்போனை எடுக்கிறார். படத்தைப் பார்க்கிறார். நிறத்தைப் பார்க்கிறார். விலையைப் பார்க்கிறார். பணத்தைக் கட்டிவிடுகிறார். நாலாம் நாள் பலகை வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது.

பட்டுச் சேலை எடுக்கும்போது இதே மனிதர் இப்படிச் செய்வாரா? மாட்டார். கரையையும் உடலையும் கோர்வையாக நெய்திருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார். ஜரிகையைப் பற்றி நாலு கேள்வி கேட்பார். எடை கேட்பார். அதற்கு முன்னால் வீட்டுப் பெண்கள் ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள். "யாருக்கு? முகூர்த்தத்துக்கா, சும்மா கோவிலுக்குக் கட்டவா?" பலகை வாங்கும்போதும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதைக் கேட்காததால் பணம் போனால்கூடப் பரவாயில்லை. கடலில் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து வரும்.

தெப்பம் கவிழாது. ஏன்?

காஞ்சீபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தெப்பத் திருவிழாவை எல்லோரும் பார்த்திருப்பார்கள். சுவாமியும் விளக்குகளும் மேளக்காரர்களும் ஏறினாலும் தெப்பம் ஆடுவதில்லை. அது அகலம். அகலமாக இருப்பது கவிழாது. ஆனால் அது வேகமாகப் போகுமா? போகாது. அந்தத் தெப்பத்தைக் கடல் அலையில் விட்டால் என்ன ஆகும்? சொல்லவே வேண்டாம்.

கடலுக்கென்று நம் மீனவர்கள் கட்டியது கட்டுமரம். லேசான மரத் துண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, முன்புறம் சற்றுத் தூக்கி நிற்கும்படி செய்தார்கள். அலை மேலே விழுந்தால் தண்ணீர் இடுக்கு வழியாக ஓடிவிடும். மூழ்காது! வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கப்பலோட்டி 1697-ம் ஆண்டு வெளியிட்ட பயணப் புத்தகத்தில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். அந்தத் தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் 'காட்டமரான்' என்று ஆனது. சென்னையில் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கொந்தளிக்கும் அலையைத் தாண்டிக் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் கட்டுமரக்காரர்களே.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. எல்லாக் கட்டுமரமும் ஒன்றல்ல. கரையோரம் ஒருவர் போய் வருவதற்குச் சின்ன மரம். தூரத்தில் கோலா மீன் பிடிக்கப் பெரிய மரம். அதற்குக் கோலாமரம் என்றே தனிப் பெயர். செய்யும் வேலை எதுவோ, அதற்கேற்ற மரம். நின்றுகொண்டு துடுப்புப் போடும் இந்தப் புதுப் பலகை ஹவாய்த் தீவில் பிரபலமாகி உலகம் முழுவதும் பரவியது. ஆனாலும் அதன் கணக்கு நம் கட்டுமரக் கணக்குத்தான்.

அலைப் பலகை

கரைக்கு வந்து உடைகிற அலையில் விளையாடுவதற்கு உள்ள பலகை குட்டையானது. பெரும்பாலும் 8 அடி முதல் 9½ அடி வரை. முன்னும் பின்னும் வளைந்து தூக்கியிருக்கும். காலை அழுத்தினால் சட்டென்று திரும்பும். திரும்பாவிட்டால் அலையில் அதற்கு வேலை இல்லை. ஆனால் நேராக ஓட்டச் சொன்னால் அது சண்டி மாடு. ஒவ்வொரு தள்ளுக்கும் மூக்கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பும்.

காற்றுப் பலகை

இன்னொரு விளையாட்டு இருக்கிறது. காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கடலிலேயே பல கிலோமீட்டர் ஓடுவது. 'டவுன்விண்ட்' என்று இதற்குப் பெயர். இங்கே அலை உடைவதில்லை. காற்று எழுப்பும் சின்னச் சின்ன மேடுகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். ஒரு மேட்டின் சரிவில் சறுக்கி, அதன் வேகத்தோடு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். ஹவாயில் மொலோக்காய் தீவிலிருந்து ஓவாஹூ தீவுக்கு ஆண்டுதோறும் இப்படி 32 மைல் போட்டி நடத்துகிறார்கள்.

இதற்குக் குட்டைப் பலகை உதவாது. 14 அடி நீளம், 25 முதல் 28 அங்குல அகலம் உள்ளது பொருத்தம். நீளம் இருந்தால்தான் மேட்டின் வேகத்தைப் பிடிக்க முடியும். மூக்கிலே கனமும் தூக்கலும் வேண்டும். இல்லாவிட்டால் சரிவில் இறங்கும்போது மூக்கு முன்னால் உள்ள மேட்டில் குத்தும். ஆள் தலைகுப்புற விழுவார். ஏரியில் பந்தயம் விடுகிற பலகையும் 14 அடிதான். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி. ஆனால் ஏரிப் பலகையின் மூக்கு தாழ்வாக இருக்கும். அதை வாங்கிக்கொண்டு கடலுக்குப் போய் அவதிப்படுகிறவர்கள் உண்டு.

சமீப ஆண்டுகளில் இன்னொன்றும் வந்திருக்கிறது. பலகைக்கு அடியில் ஒரு கம்பு, கம்பின் நுனியில் விமான இறக்கை மாதிரி ஒரு இறக்கை. வேகம் வந்ததும் பலகை தண்ணீரை விட்டே மேலே எழும்பிவிடும்! அதிசயம்தான். விலையும் அதிசயம்தான். குடும்பஸ்தர்கள் அதை வேடிக்கை பார்த்தால் போதும்.

"இரண்டுக்கும் சேர்த்து ஒரே பலகை கிடையாதா?" என்று கேட்பார்கள். கிடைக்கும். 10½ அடி நீளமும் 32 அங்குல அகலமும் உள்ள பொதுப் பலகை. அலையில் சுமாராகத் திரும்பும். காற்றில் சுமாராக ஓடும். இரண்டிலும் கெட்டிக்காரத்தனம் இருக்காது. ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்கு அதுவே சரி. நிற்கத் தெரியாதவருக்குத் திரும்புகிற பலகை எதற்கு?

எடைக் கணக்கு

பலகையின் மேல் லிட்டர் கணக்கு எழுதியிருக்கும். அது என்ன என்று தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. 60 கிலோ ஆள் 60 லிட்டர் பலகையில் ஏறினால், ஆளும் பலகையும் சேர்ந்து தண்ணீருக்குள் இறங்கிவிடுவார்கள். புதியவருக்கு உடல் எடையைப் போல் இரண்டு மடங்கு லிட்டராவது வேண்டும். தேர்ந்தவர்கள் ஒன்றேகால் மடங்கிலும் சமாளிப்பார்கள். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பலகை என்றால், அப்பாவின் எடையைத்தான் பார்க்க வேண்டும்.

துடுப்பு தலைக்கு மேல் 6 முதல் 8 அங்குலம் இருக்கலாம். அலைக்கு அதைவிடச் சற்றுக் குட்டை. துடுப்பின் இலை முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பலர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "கை வலிக்கிறது" என்பார்கள்!

காற்று அடைக்கிற பலகை விலை குறைவு. மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில்கூடப் போகலாம். ஏரிக்கும் பழகுவதற்கும் நல்லது. கார் டயரில் அடிப்பதில் பாதி அழுத்தமாவது அடிக்க வேண்டும். பாதியில் கை ஓய்ந்து நிறுத்தினால் பலகை நடுவில் தொய்ந்துவிடும். அடித்த பலகையை நம் ஊர் வெயிலில் மணலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகக்கூடாது. உள்ளே காற்று விரிந்து ஒட்டு விட்டுவிடும். ஆனால் பெரிய அலைக்கும் நீண்ட காற்றோட்டத்துக்கும் கெட்டியான பலகைதான் வேண்டும்.

குளம் போல் தெரிகிற கடல்

எல்லாவற்றையும்விட முக்கியமானது காற்று. நம் முன்னோர் நாலு காற்றுக்கும் நாலு பெயர் வைத்தார்கள். தெற்கே இருந்து வந்தால் தென்றல், வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், மேற்கே இருந்து வந்தால் கோடை.

கோடைக்காலத்தில் காலை நேரம் மகாபலிபுரத்திலோ கோவளத்திலோ போய் நின்று பாருங்கள். பல நாட்களில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரம் தண்ணீர் குளம் போலத் தெரியும். அம்மாவுக்குக்கூடப் பயம் போய்விடும். "போய்ட்டு வாடா" என்று அனுப்பிவிடுவாள். அந்தக் காற்றுத்தான் எமன்! பலகையில் நிற்கிற மனிதன் ஒரு பாய்மரம். முதுகில் காற்றுப் பட்டதும் பலகை தானாக வெளியே போகும். போகும்போது சுகமாக இருக்கும். திரும்பிப் பார்த்தால் கரை எங்கோ இருக்கும். திரும்பி வரும்போதுதான் எதிர்க்காற்று.

மத்தியானம் கடற்காற்று எழுந்ததும் கடல் சுருக்கம் விழுந்து பயங்கரமாகத் தெரியும். ஆனால் அந்தக் காற்று ஆளைக் கரைப் பக்கம் தள்ளும். கடலை வைத்து ஆபத்தைக் கணக்கிடுவது தவறு. காற்றை வைத்துக் கணக்கிட வேண்டும். தெற்கிலிருந்து காற்று கரையோரமாகவே வீசினால் காற்றுப் பலகைக்காரருக்குக் கொண்டாட்டம். மகாபலிபுரத்தில் இறங்கி, சுமார் 20 கிலோமீட்டர் வடக்கே உள்ள கோவளத்தில் ஏறலாம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் தனியாகப் போகக்கூடாது. கரையில் ஒருவர் வண்டியோடு காத்திருக்க வேண்டும்.

பலகையையும் காலையும் பிணைக்கிற கயிறு ஒன்று உண்டு. அதைச் சிலர் அழகுக்கு என்று நினைக்கிறார்கள். காற்றில் விழுந்தால் பலகை ஆளைவிட வேகமாக ஓடிவிடும். நீச்சல் வீரனும் அதைப் பிடிக்க முடியாது. எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டால் நிற்கக்கூடாது. மண்டியிட வேண்டும். அல்லது படுத்துக்கொண்டு கையால் துழாவ வேண்டும். பலகையை விட்டுவிட்டு மட்டும் நீந்தவே கூடாது. மிதவைச் சட்டை இல்லாமல் பிள்ளைகளை ஏற்றுகிற பெற்றோரைப் பார்த்தால் யாருக்கும் கோபம்தான் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, புயல் மாதங்களில், இந்த ஆசையையே மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும்.

யாரிடம் கேட்பது?

கடையில் கேட்டால் கடைக்காரர் விற்கத்தான் பார்ப்பார். கேட்க வேண்டியவர்கள் கரையில் இருக்கிறார்கள். கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் 2012-ல் அங்கே அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஆசிரியர்களாக ஆனார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மகாபலிபுரத்தில் நடந்தது. காற்றும் நீரோட்டமும் அந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டன் காலத்துப் படிப்பு.

"தம்பி, பையனுக்கு நல்ல பலகையாக ஒன்று சொல்லுங்கள்" என்று அவர்களில் ஒருவரிடம் கேட்டால் என்ன சொல்வார்?

"ஐயா, பையனுக்கு நீச்சல் தெரியுமா?"

அதற்குப் பதில் சொல்ல முடியாத அப்பா பலகை வாங்கக் கூடாது. கிணற்றிலோ குளத்திலோ பையனும் பெண்ணும் நன்றாக நீந்தப் பழகட்டும். பிறகு வாடகைப் பலகையில் ஆசிரியரோடு நாலைந்து ஞாயிறு விழுந்து எழட்டும். அலையில் திரும்புவது பிடித்திருக்கிறதா, காற்றில் ஓடுவது பிடித்திருக்கிறதா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அன்றைக்குக் கடைக்குப் போகலாம்.

போவதற்கு முன்னால் வீட்டையும் ஒரு தடவை அளந்து பார்ப்பது நல்லது. தறி போட்ட வீட்டில் 14 அடிப் பலகையை எங்கே சாத்தி வைப்பது?