ரோதானைச் சாட்சிக்கு அழைத்தது யார்?

ஆயத்த முப்பரிமாண மாதிரிகளை இறக்கி, வெட்டி, ஒட்டி, அச்சிட்டு, 'என் சிற்பம்' என்று கண்காட்சிக்குக் கொண்டுவருகிறவர்கள் திருடர்கள். உண்மையான சிற்பி ஈரக் களிமண்ணையும் தன் கையையும் தவிர வேறெதையும் நம்புவதில்லை, ரோதானைப் பாருங்கள். ஆகவே இத்தகைய வேலைகளைக் கண்காட்சி வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். இத்தகைய வேலைகளைக் கண்டித்துக் கட்டுரையாளர் ஒருவர் பல பக்கங்களில் சொன்னது இவ்வளவுதான். கோபம் அவர் உரிமை, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஒருவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுமுன் அவர் என்ன சொல்வார் என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

பாரிஸை அடுத்த மெதோனில் பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் வீட்டில் இழுப்பறை இழுப்பறையாகப் பிளாஸ்டர் உறுப்புகள் இருந்தன. கைகள், கால்கள், பாதங்கள், தலைகள். ஒரு சிலைக்குச் செய்த கை இன்னொரு சிலைக்குப் போகும். ஒரு தலை எத்தனை உடம்பில் வேண்டுமானாலும் உட்காரும். அவருடைய 'நரக வாயில்' என்ற பெருங்கதவுச் சிற்பத்தின் உச்சியில் தலை கவிழ்ந்து நிற்கும் மூன்று நிழல்கள் மூன்று உருவங்கள் அல்ல. ஒரே உருவத்தை மூன்று முறை வார்த்து, மூன்று கோணத்தில் திருப்பி நிறுத்தினார். அந்த ஒன்றும் அவருடைய ஆதாம் சிலையிலிருந்து வந்ததே. 'ஊதாரி மகன்' என்று கைகளை வானுக்கு நீட்டும் இளைஞனும், 'ஓடும் காதல்' சிற்பத்தில் பெண்ணோடு முதுகு ஒட்டிக் கிடக்கும் ஆணும் ஒரே ஆள்தான். 1878-ஆம் ஆண்டின் யோவான் ஸ்நானகன் சிலைக்காகச் செய்த முண்டத்தையும் கால்களையும் பின்னாளில் ஒட்டவைத்தார். தலையும் கையும் இல்லாத 'நடக்கும் மனிதன்' பிறந்தான். 1895 வாக்கில் சிற்பி கமீல் கிளோதெலின் முகத்தின் பக்கத்தில், 'கலே நகரத்தார்' குழுச் சிலையிலிருந்து பியேர் த விஸாந்தின் இடது கையைக் கொண்டுவந்து வைத்தார். பெண் முகத்தருகே அந்தப் பெரிய ஆண் கை எதற்கு என்று பார்ப்பவர் மனம் தவிக்கிறதே, அந்தத் தவிப்புதான் சிற்பம். முகமும் பழையது, கையும் பழையது.

இதையே இன்று ஒரு பெண் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்தால் நம் கட்டுரையாளர் காவலரைக் கூப்பிடுகிறார்.

'அவை ரோதானின் சொந்த உருவங்கள் ஆயிற்றே' என்று அவர் எழுந்து நிற்பது எனக்குத் தெரிகிறது. அவர் வைத்த சோதனை அதுவல்ல. வெறுங்கையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான். இருந்தாலும் வரட்டும். ரோதான் பழங்காலச் சட்டிபானைகளை வாங்கிக் குவித்தவர். பெயர் தெரியாத குயவர்கள் வனைந்த அந்தக் கலங்களுக்குள் தன் சின்னஞ்சிறு பிளாஸ்டர் பெண்களைச் செருகிச் சிற்பங்கள் செய்தார். அவருக்கு முன்பே, 1620-இல், தோண்டியெடுத்த பழைய ஹெர்மஃப்ரொடிடஸ் சிலைக்குப் பெர்னினி ஒரு பளிங்கு மெத்தை செதுக்கிப் போட்டார். இன்று லூவரில் அதைப் பார்ப்பவர்கள் முதலில் விரலால் அழுத்திப் பார்க்க விரும்புவது அந்த மெத்தையைத்தான். (சோழர் காலத்து ஸ்தபதியை அவர் சாட்சிக்கு அழைக்கவில்லை, பிழைத்தார். தாள அளவும் தியான சுலோகமும் வகுத்த உருவத்தைச் செய்தவரிடம் 'இதுவரை எவரும் காணாத உருவமா?' என்று கேட்டால், கேட்டவரைத்தான் அவர் விநோதமாகப் பார்த்திருப்பார்.)

அடுத்தது கை. இயந்திரம் தொட்டால் கலை செத்துவிடுமாம். 'சிந்தனையாளன்' முதலில் சுமார் 70 சென்டிமீட்டர் உயரம். நாம் படங்களில் பார்க்கும் ஆளுயரத்தை மிஞ்சிய சிலையைப் பெரிதாக்கியவர் ஆன்ரி லெபொஸே, கொலாஸ் இயந்திரத்தைக் கொண்டு. சட்டத்தின் ஒரு முனை சிறிய சிலையின் மேல் ஊர்ந்து செல்ல, மறுமுனை அதே வடிவத்தைப் பெரிதாக வெட்டும். ஸ்கேனரும் அச்சுப்பொறியும் ஒரே சட்டத்தில் இருந்த கருவி என்று வைத்துக்கொள்ளலாம். அரசு கேட்ட 'முத்தம்' பளிங்கைச் செதுக்கியவர் ழான் துர்க்கான். 'நரக வாயில்' முழுமையாக வெண்கலத்தில் வார்க்கப்பட்டதே ரோதான் 1917-இல் இறந்த பிறகு. அவர் கை படாத, அவர் கண்ணே காணாத அந்த வெண்கலத்தின் முன் நின்றுதான் கட்டுரையாளர் விரல்ரேகை தேடுகிறார்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. 1877-இல் ரோதானின் 'வெண்கல யுகம்' காட்சிக்கு வந்தபோது, 'இது செய்ததல்ல. உயிருள்ள ஆள்மேல் அச்செடுத்து வார்த்தது' என்று குற்றம் சாட்டினார்கள். தனக்காக நின்ற படைவீரனின் புகைப்படங்களைக் காட்டி அந்தப் பழியைத் துடைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. நம் நண்பர் ரோதான் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டு அந்தப் பழிகாரர்களின் வரிசையில் போய் நிற்கிறார்.

பொத்தானை அழுத்தினால் சிற்பம் வந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறார். அழுத்திப் பார்த்திருக்கிறாரா? ஸ்கேன் செய்த மெஷ், அதாவது முப்பரிமாண வலையுருவம், ஓட்டையும் உடைசலுமாக வரும். கேமரா நுழையாத அக்குளிலும் காதுமடலின் பின்னும் உருவமே இருக்காது. இரண்டு உருவங்களைப் பூலியன் என்ற இணைப்புக் கட்டளையில் சேர்த்தால் முகப்புகள் ஒன்றையொன்று ஊடுருவிக் கிழியும். இது வெறும் பழுதுபார்ப்பு. வேலை இதற்குப் பிறகுதான். ஒரு கிரேக்க முண்டத்தின் தோளில் இன்னொரு காலத்துக் கழுத்தை எங்கே வெட்டி இறக்குவது, ஒட்டிய இடத்தை மறைப்பதா காட்டுவதா, எடை எந்தக் காலில் இறங்கும் என்பதற்கெல்லாம் மென்பொருளில் பொத்தான் கிடையாது. கண் வேண்டும்.

அந்தக் கண் இல்லாதவர்களே அதிகம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். தாவீது சிலையின் கழுத்தில் டிராகன் தலையை வைத்துத் தங்கச் சாயம் அடித்தவை போதுமென்ற அளவுக்கு உள்ளன. அவை மோசமான சிற்பங்கள். களிமண்ணிலும் மோசமான சிற்பங்கள் உண்டு. அதற்காக யாரும் களிமண்ணைத் தடைசெய்யச் சொல்வதில்லை.

உழைப்பே உரிமை என்ற அவர் வாதமும் நிற்காது. டொயோட்டா கார்களை அளந்து, வரி வரியாகக் கையால் திருத்தி, டிஜிட்டல் மாதிரிகள் செய்த மெஷ்வெர்க்ஸ் நிறுவனம் பதிப்புரிமை கேட்டு வழக்காடியது. இருந்ததை இருந்தபடி நகலெடுப்பதில் எவ்வளவு உழைத்தாலும் அது புதிய படைப்பாகாது என்று 2008-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. அசலாவது மாற்றத்தில்தான்.

திருட்டு இல்லவே இல்லையா? உண்டு. ஆர்ட் ராஜர்ஸ் எடுத்த நாய்க்குட்டிகள் புகைப்பட அட்டையைச் சிற்பி ஜெஃப் கூன்ஸ் வாங்கினார். அதிலிருந்த பதிப்புரிமைக் குறிப்பைக் கிழித்தெறிந்துவிட்டு, இப்படியே செய்யுங்கள் என்று இத்தாலியப் பட்டறைக்கு அனுப்பினார். 1992-இல் வழக்கில் தோற்றார். அந்தச் சிலை கைவினைஞர்கள் கையால் மரத்தில் செதுக்கியது என்பதைக் கட்டுரையாளர் கவனிக்கட்டும். அவர் சோதனையில் அது தேறியிருக்கும். மறுபக்கம், இங்கிலாந்தின் லிங்கன் நகர அருங்காட்சியகச் சிலைகளைக் கலைஞர் ஆலிவர் லாரிக் ஸ்கேன் செய்து, யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தார். அதில் ஜான் கிப்சனின் வேட்டைக்காரனையும் நாயையும் எடுத்து, நிறமி கலந்த பாலியூரித்தேனில் தன் சிற்பமாக வார்த்தார். ஒளிக்க ஒன்றுமில்லை, ஆனால் கட்டுரையாளரின் சோதனையில் இது தோற்றிருக்கும்.

கண்காட்சிக்கு வருகிறவர்களிடம் 'முழுவதும் கையால் செய்தேன்' என்று உறுதிமொழி வாங்க வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். அந்தத் தாளில் கூன்ஸின் பட்டறைக்காரர்கள் தயங்காமல் கையெழுத்திடுவார்கள். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகள் கேளுங்கள்: மூல மாதிரி யாருடையது, எந்த உரிமத்தில் எடுத்தீர்கள், என்ன மாற்றினீர்கள்? கூன்ஸ் முதல் கேள்வியிலேயே எழுந்து போயிருப்பார். ரோதான் மூன்றாவது கேள்விக்குக் கூடுதல் தாள் கேட்டிருப்பார்.