முறிந்த எலும்பும் முறியாத வாழ்வும்

உடைந்த மட்கலம் ஒட்டுவதில்லை. கிழிந்த தோல் கூடினாலும் தழும்பு எஞ்சுகிறது. எலும்போ முறிந்தால் தழும்பின்றித் தன்னைத் தானே புதிதாகப் படைத்துக்கொள்ளும் ஆற்றல் உடையது. முறிந்த இடத்தில் முதலில் குருதி உறைகிறது. அவ்வுறைவினூடே நுண்ணிய குருதிக் குழாய்கள் படர்கின்றன. குருத்தெலும்பாலான மென்பாலம் ஒன்று இரு முனைகளையும் இணைக்கிறது. சுண்ணச் சத்துப் படிந்து அப்பாலம் கெட்டிப்படுகிறது. பின்னர் மாதக்கணக்கில், வேண்டாததைக் கரைக்கும் உயிரணுக்களும் வேண்டியதைக் கட்டும் உயிரணுக்களும் உழைத்து எலும்பின் பழைய வடிவை மீட்டுத் தருகின்றன. எலும்பு தானே கூடுகிறது. கூடுதற்கேற்ற சூழலை மருத்துவர் அமைத்துத் தருகிறார். அச்சூழலை அமைப்பதில் மருத்துவருக்கு உள்ள பங்கைப் போலவே நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே நாம் இங்கு வலியுறுத்த விழைவது.

முறிந்த எலும்பை அசையாது நிறுத்தி வைக்க வேண்டும் என்பதை முன்னோர் நன்கறிந்திருந்தனர். சுசுருத சம்கிதை எலும்பு முறிவுகளை வகைப்படுத்திக் கூறுகிறது. குர்துபா நகரில் வாழ்ந்த அல்-ஸஹ்ராவி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய 'அத்தஸ்ரீஃப்' என்னும் முப்பது பகுதிகள் கொண்ட பெருநூலின் இறுதிப் பகுதியில், அறுவை மருத்துவத்தோடு எலும்பு கட்டும் முறைகளையும் விளக்கினார். மூங்கிற் பற்றையும் துணியும் கொண்டு கட்டுப் போடும் வைத்தியர்கள் கொங்கு நாட்டு ஊர்களிலும் இருந்து வந்துள்ளனர். நம் வீட்டுத் துவையலுக்கு உதவும் பிரண்டையை, முறிந்த எலும்பைக் கூட்டும் மூலிகையாகவே வடநாட்டார் பெயரிட்டு அழைக்கின்றனர். 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதனை விலங்குகளிடம் ஆராய்ந்து, முறிவு விரைந்து கூட அது துணை செய்வதைக் கண்டனர். இம்மரபை இகழ்தல் தகாது.

ஆயினும், எலும்பின் ஒரு பகுதியே சிதைந்து இழக்கப்பட்டால் என் செய்வது? இவ்வினாவிற்கு இருபதாம் நூற்றாண்டு இருவேறு விடைகளைத் தந்தது. சைபீரியாவின் குர்கான் நகரில் பணியாற்றிய இலிசரோவ் என்னும் மருத்துவர், எலும்பை நலமுள்ள இடத்தில் வெட்டி, வெளியே வளையங்கள் பொருத்தி, நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் அளவில் மெல்ல நகர்த்தினால், இடைவெளியில் புதிய எலும்பு வளர்வதை நிறுவினார். 6 சென்டிமீட்டர் இழப்பை ஈடு செய்ய நகர்த்துதல் மட்டுமே 60 நாள் ஆகும். புதிய எலும்பு இறுக அதனினும் நீண்ட காலம் வேண்டும். 1965இல் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், சுண்ணச் சத்து நீக்கிய எலும்பைத் தசைக்குள் பதித்தால் அங்கும் எலும்பு உருவாவதை வெளிப்படுத்தினார். எலும்பை வளரத் தூண்டும் புரதங்கள் அதனால் அறியப்பட்டன. அவற்றுள் ஒன்றைச் செயற்கையாக ஆக்கி முதுகெலும்பு அறுவையில் பயன்படுத்த 2002இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. எனினும் அதன் விலை மிகுதி. கழுத்துப் பகுதியில் பயன்படுத்தியபோது ஆபத்தான வீக்கம் நேர்ந்தமையால் 2008இல் எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. ஆதலின் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே எடுத்துப் பதிக்கும் முறையை இன்றும் மருத்துவர்கள் பெரிதும் நம்புகின்றனர். உயிரணு, அது பற்றிப் படரச் சாரம், அதனைத் தூண்டும் புரதம் ஆகிய மூன்றும் அதில் ஒருங்கே உள்ளன.

எம்முறையாயினும் குருதியோட்டம் இல்லாத இடத்தில் பயன் தராது. சீழ் பிடித்த இடத்திலும் பயன் தராது. விதை எவ்வளவு உயர்ந்ததாயினும் ஈரமற்ற பாறையில் முளைக்குமோ? தோல் கிழிந்து எலும்பு வெளித்தெரியும் திறந்த முறிவு இதனால்தான் பெருங்கேடாகிறது. முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பின் உட்பக்கத்தில் தசைப் போர்வை இல்லை; தோல் மட்டுமே உண்டு. அது கிழிந்தால் எலும்பின் காப்பே அகன்றுவிடுகிறது. பஞ்சாலையும் விசைத்தறியும் வார்ப்படச் சாலையும் நிறைந்து, இருசக்கர வாகனங்களில் மக்கள் விரையும் நம் கொங்கு நாட்டில் இத்தகைய காயம் எவர் வீட்டிலும் நேரக்கூடும்.

அவ்வாறு சிதைந்த காலைக் காப்பதா, நீக்குவதா என்னும் கடினமான வினாவிற்கு உலகம் பயன்படுத்தும் அளவுகோல்களுள் ஒன்று நம் கோயம்புத்தூரில் பிறந்தது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. 1978இல் தொடங்கப்பட்ட கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். இராஜசேகரனும் அவருடைய குழுவினரும், குருதிக் குழாய் அறுபடாத 109 திறந்த முறிவுகளை ஆராய்ந்து 2006இல் அதனை வெளியிட்டனர். தோல், எலும்பு, தசை நரம்புகள் ஆகிய மூன்றின் சிதைவிற்கும் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. நிலைமையைக் கடினமாக்கும் பிற காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண் கூட்டப்படும். மொத்தம் 14 வரையாயின் காலைக் காக்க முயலலாம். 17ஐ எட்டினால் நீக்குவதே பெரும்பாலும் நலம். 15, 16 ஆயின் மருத்துவரின் தேர்ந்த அறிவே முடிவு செய்ய வேண்டும்.

அப்பிற காரணங்களுள் இரண்டை நாம் ஊன்றி நோக்க வேண்டும். காயம்பட்டு 12 மணி நேரம் கடந்த பின்னரே அழுக்கும் சிதைந்த தசையும் களையப்பட்டால் 2 மதிப்பெண். தொழுவ மண்ணும் சாக்கடைக் கழிவும் படிந்திருந்தால் மேலும் 2 மதிப்பெண். விபத்து 13 மதிப்பெண் தந்த கால், தாமதத்தால் மட்டும் 15 ஆகிறது. அழுக்கும் சேர்ந்தால் 17 ஆகிறது. காப்பாற்றத் தக்க கால் நம் காலத்தாழ்ச்சியால் கைவிட்டுப் போகலாம் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

ஆதலின் நாம் கூறுவது இது. தோல் கிழிந்த முறிவுக்குக் கட்டு வைத்தியரை முதலில் நாடுதல் கூடாது. காயத்தின்மேல் காப்பித் தூள், மஞ்சள், சாணம் எதையும் அப்பலாகாது. தூய துணியால் மூடி, குருதி வழிந்தால் அழுத்திப் பிடித்து, பலகை வைத்து அசையாது கட்டி, 108 ஊர்தியை அழைத்துச் சென்று சேர்ப்பதே செய்யத்தக்கது. வழக்கு வருமோ என்று அஞ்சி விலகிச் செல்வாரும் உளர். விபத்தில் உதவுவோரைச் சட்டம் துன்புறுத்தலாகாது என்று 2016இல் உச்சநீதிமன்றம் நெறிமுறைகளை உறுதி செய்தது; 2019இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் அப்பாதுகாப்பை அளித்தது. அச்சத்திற்கு இடமில்லை.

மருத்துவமனை வாயிலோடு நம் கடன் முடிந்துவிடுவதும் இல்லை. சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. அஃது உயிரைக் காக்கும். எலும்பு கூடுவதோ மாதக்கணக்கான பணி. அம்மாதங்களில் தறியோட்டுபவரின் வீட்டு அடுப்பு எவ்வாறு எரியும்? இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளி பணியிடத்தில் காயமுற்றால் ஊதியத்தில் பெரும்பகுதி உதவித் தொகையாகக் கிடைக்கிறது. பதிவின்றி உழைப்போருக்கு அக்காப்பு இல்லை. இவர்களே ஊன்றக் கூடாத காலை ஊன்றி வேலைக்குச் செல்கின்றனர். அசையாதிருக்க வேண்டிய எலும்பு அசைகிறது. கூட வேண்டியது கூடாமற் போகிறது. அங்கே தோற்பது மருத்துவம் அன்று, வறுமை வெல்கிறது.

தொழில் நடத்துவோர் தம்மிடம் உழைப்போர் அனைவரையும் காப்பீட்டில் பதிவு செய்தல் வேண்டும். ஊர்ச் சங்கங்களும் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும், காலில் வளையம் பூண்டு வீட்டில் இருப்பவரின் குடும்பத்திற்கு ஆறு திங்கள் அரிசியும் வாடகையும் தர முன்வருதல் வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்துள்ள மாணவர் ஒவ்வொருவரும் முதலுதவி பயிலுதல் வேண்டும். பீடியும் சிகரெட்டும் எலும்பு கூடுவதைத் தடுக்கும் என்பதை முறிவுற்றவருக்கு எடுத்துரைப்பதும் அவர்தம் பணியாகட்டும்.

எலும்பு கூடுவதற்கு அசையாமையும் குருதியோட்டமும் காலமும் வேண்டும். முன்னிரண்டையும் மருத்துவர் தருவர். காலத்தைத் தர வேண்டியவர் நாமே. அடிபட்ட நாளில் விரைவையும், அதன்பின் வரும் மாதங்களில் பொறுமையையும் நாம் அளித்தால், முறிந்த எலும்பு கூடும். அதனைச் சுமந்து நிற்கும் குடும்பமும் முறியாது நிற்கும்.