பழையது நல்லதுதான், வவுச்சர் எங்கே?

போன வாரம் எங்கள் தெரு அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். பழைய சோறு புற்றுநோயைக் குணமாக்குமாம், அமெரிக்காக்காரனே ஒத்துக்கொண்டானாம், பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டுமாம். நான் ஒருவருக்கும் அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டார். இதோ பதில்.

நான் பழையதுக்கு எதிரி இல்லை. இன்றைக்கும் காலையில் எனக்கு நீத்தண்ணியும் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும்தான். அப்பாவுக்குப் புதுச்சேரியில் வேலை என்பதால் சிறுவயதில் பிரெஞ்சு வழியில் படித்தேன். பால் புளிப்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்று லூயி பாஸ்தேர் 1857இல் சொன்னதை வாத்தியார் நடத்தியபோது, எங்கள் வீட்டுச் சோற்றுப்பானையிலும் அதுதானே நடக்கிறது என்று பெருமைப்பட்டவன் நான்.

ஆனால் அதே செய்தியில் ஒரு கணக்கும் இருக்கிறது. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இரும்புச்சத்து. பன்னிரண்டு மணி நேரம் ஊறினால் 73.91. முப்பது வருஷம் அரசாங்கப் பேரேடு பார்த்தவனிடம் இதைக் காட்டலாமா? தொடக்க இருப்பு 3.4, முடிவு இருப்பு 73.91, இடையில் வரவே இல்லை! நுண்ணுயிர் இரும்பை உண்டாக்காது. தானியத்தில் கட்டுண்டு கிடப்பதை அவிழ்த்து, உடம்பு எடுத்துக்கொள்ள வழி செய்யும், அவ்வளவுதான். இரும்புக் கணக்கிலேயே இத்தனை ஓட்டை என்றால், புற்றுநோய்க் கணக்கை எப்படி நம்புவது?

இதில் எனக்குச் சொந்த வருத்தமும் உண்டு. என் மதினிக்கு மார்பில் கட்டி. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தாயிற்று. இரண்டு கீமோ முடிந்தது. முடி கொட்டியது, வாந்தி. யாரோ, "அந்த விஷம் எதுக்கு, புளிச்ச கஞ்சியே போதும்" என்றார்கள். நிறுத்திவிட்டார். ஆறு மாதம் கழித்து மறுபடி போனபோது கட்டி ஈரலுக்குப் போயிருந்தது. மதினி இப்போது இல்லை. அந்த யோசனையைச் சொன்னவர் துஷ்டிக்கு வந்து, விதி என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் செல்லைக் கொன்றதே" என்பார்கள். கண்ணாடித் தட்டில் இருக்கும் செல்லை வினிகரும் கொல்லும், உப்புத் தண்ணீரும் கொல்லும். வயிற்றில் செரித்து, ரத்தத்தில் கலந்து, கட்டி இருக்கும் இடத்துக்குப் போய், நல்ல செல்லை விட்டுக் கெட்டதை மட்டும் கொல்கிறதா என்பதுதான் கேள்வி. கீமோ நடக்கும்போது வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். ராத்திரி முழுக்க வெளியில் கிடந்த சோறு அப்போது ஆபத்தாகவும் முடியலாம். டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

அதற்காக, நாட்டு வைத்தியம் எல்லாம் குப்பை என்பவர்களோடும் எனக்குச் சண்டைதான். நம் தேரிமணலில் தானாக முளைக்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். சுடுகாட்டுப் பூ என்று ஒதுக்குவோம். அதன் இலை சர்க்கரை நோய்க்கு நல்லது என்று கேள்விப்பட்டு 1950களில் கனடாவில் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. அங்கிருந்து பிறந்ததுதான் வின்பிளாஸ்டின் மருந்து. அதே செடியில் கிடைத்த வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. ஊர் சொன்னது ஒன்று, சோதனை காட்டியது வேறொன்று. இதைப் படித்துவிட்டு யாரும் இலையைப் பறித்துத் தின்றுவிடாதீர்கள். அது நஞ்சு. அளவு தெரிந்த பிறகுதான் அது மருந்தாயிற்று.

பழையதையும் அப்படிச் சோதிக்கட்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் அழற்சி நோய்க்குப் பழைய சோற்றை வைத்து ஆய்வு தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அது குடல் அழற்சிக்கு; அதைப் புற்றுநோய்க்கு என்று மாற்றி அனுப்புவது மோசடி. சோதனை பலிக்காவிட்டால் அதையும் கோப்பில் எழுதி வெளியிட வேண்டும்.

புளித்ததெல்லாம் அமிர்தம் என்றும் இல்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் நம் உடன்குடிப் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். மதுவை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பட்டியலில் சேர்த்துவிட்டது. கள்ளும் பாரம்பரியம்தானே?

வவுச்சர் இல்லாத பில்லை நான் பாஸ் பண்ணியதில்லை. அண்ணாச்சி, பழையதை நன்றாகச் சாப்பிடுங்கள். யாருக்காவது கட்டி என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றி விடுங்கள். அந்தச் செய்தியை மட்டும் அழித்துவிடுங்கள்.